சங்காயத்தின் கணக்கு

“மேல்நாட்டுக்காரன்தான் பிடித்த மீனைக் கடலிலேயே கொட்டுகிறான். நம்ம ஆட்கள் ஒரு பொடிமீனைக்கூட வீணாக்க மாட்டார்கள்.” மீன்வளம் பற்றிப் பேச்செடுத்தால் இந்தப் பெருமிதம் எப்படியும் வந்து சேர்ந்துவிடும். படகு உரிமையாளர்கள் மேடையில் சொல்கிறார்கள். தீவன வியாபாரிகள் சொல்கிறார்கள். அதிகாரிகள் கொஞ்சம் மெழுகி, இந்தியக் கரையில் கழித்து வீசப்படும் மீன் மிகக் குறைவு என்று அறிக்கையாக்குகிறார்கள். சூழல் அக்கறை உள்ள நண்பர்கள் சிலர் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறார்கள்: ஐரோப்பாவைப் போல நாமும் சட்டம் போட்டு, மிச்சசொச்சம் வீசப்படுவதையும் நிறுத்திவிட்டால் போதும் என்பது அவர்கள் கட்சி. முதல் தரப்பு சிக்கலே இல்லை என்கிறது. இரண்டாம் தரப்பு சிக்கலை இல்லாத இடத்தில் தேடுகிறது. இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கை: கரைக்கு வந்து சேர்ந்துவிட்ட மீன் வீணாகவில்லை. என் வழக்கு அந்த நம்பிக்கையோடுதான்.

இதை எழுதுகிறவன் கடற்கரைக்காரன் இல்லை. கடலூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் உள்ள மங்களூர் ஒன்றியம் என் பகுதி. விருத்தாசலத்துப் பீங்கானும் மானாவாரி மக்காச்சோளமும்தான் எங்களுக்குத் தெரிந்த தொழில்கள். மீன் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருகிற கர்நாடகத்து மங்களூர் வேறு. அதற்கும் பின்னால் வேலை இருக்கிறது. உங்களுக்கும் கடலுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: எங்கள் சோளம் மூட்டை மூட்டையாகப் போய் இறங்குகிற தீவனத் தொழிலில்தான் கடலின் குஞ்சுமீனும் போய் இறங்குகிறது.

முதலில், எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுவோம். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2019இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2010 முதல் 2014 வரையான காலத்தில் உலகக் கடல்களில் ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் டன் மீன் பிடிக்கப்பட்டுத் திரும்பக் கடலில் கொட்டப்பட்டது. மொத்தப் பிடிப்பில் இது 10.8 விழுக்காடு. அதில் ஏறத்தாழ பாதி, 46 விழுக்காடு, கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடிகளின் கைங்கரியம். நம் விசைப்படகுகளும் அதே இழுவைமடியைத்தான் இழுக்கின்றன. ஆனாலும் நம்மவர்கள் கடலில் கொட்டுவது குறைவு என்பது உண்மை. ஏன் குறைவு என்று கேட்கும்போதுதான் பெருமிதம் ஆட்டம் காணத் தொடங்குகிறது.

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் விசைப்படகு வந்து அணையும் நேரத்தில் போய் நின்றால் போதும். வஞ்சிரம், பாரை, இறால், பெரிய கணவாய் எல்லாம் ஐஸில் படுத்து, பெட்டியில் ஏறி, மரியாதையோடு ஏலத்துக்குப் போகும். அதற்குப் பிறகு ஒரு சரக்கு இறங்கும். அதற்கு ஐஸ் கிடையாது. கையால் எடுத்துப் பிரிக்கவும் ஆள் கிடையாது. மண்வெட்டிபோல் ஒன்றைப் போட்டு வாரிக் கூடையில் அள்ளி, நேரே லாரிக்குக் கொண்டுபோவார்கள். கழிவு மீன் என்று பொதுவாகச் சொல்வார்கள். ராமேஸ்வரம் பக்கம் அதற்குச் சங்காயம் என்று பெயர். இங்கே அந்தப் பெயரையே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு கூடையைத் தரையில் கவிழ்த்துக் கிளறிப் பாருங்கள். நசுங்கிய காரல், பேத்தை, கிளாத்தி, உடைந்த நண்டுக்கால், சிப்பி ஓடு, நட்சத்திர மீன். இவை யார் வீட்டு உலைக்கும் போகாதவை, அல்லது எப்போதாவது போகிறவை. இவற்றோடு கூழாகக் கலந்து கிடப்பவை வேறு: விரல் நீளச் சங்கரா, நாடா கனம்கூட வராத வாளைக்குஞ்சு, கட்டைவிரல் நகத்தளவுக் கணவாய், பன்னாக்குஞ்சு, நவரைக்குஞ்சு. இதே சங்கரா வளர்ந்து ஏலத்துக்கு வந்திருந்தால் என்ன விலை போகுமோ அதில் பத்தில் ஒரு பங்குகூட இந்தக் கூடையில் தேறாது. கழிவு என்ற பெயருக்குள் இரண்டு வேறு சரக்குகள் அடைந்து கிடக்கின்றன. ஒன்று, மனிதருக்கு வேண்டாத உயிர்கள். மற்றது, மனிதருக்கு மிகவும் வேண்டிய மீன்களின் பிள்ளைகள். ‘எதையும் வீணாக்குவதில்லை’ என்று நாம் மார்தட்டுவது இந்த இரண்டாவது சரக்கையும் சேர்த்துத்தான்.

ஒரு காலத்தில் இதை நம்மவர்களும் கொட்டத்தான் செய்தார்கள். 1952இல் கையெழுத்தான இந்திய–நார்வே திட்டத்தின் வழியாகக் கேரளத்தில் காலூன்றிய இயந்திரப் படகு மீன்பிடிப்பு, இறால் ஏற்றுமதியின் ருசி கண்டதும் இழுவைமடிக்கு மாறியது. பிறகு இரு கரைகளிலும் பரவியது. அன்று மடியில் வந்ததில் இறாலை மட்டும் பொறுக்கிக்கொண்டு பெரும்பகுதியைக் கடலில் தள்ளினார்கள். பல நாள் தங்கல் வழக்கமான பிறகு, முதல் நாட்களில் பட்ட பொடியைக் கொட்டிவிட்டு, கடைசி நாட்களில் பட்டதை மட்டும் கரைக்குக் கொண்டுவந்தார்கள். மனம் மாறி யாரும் கொட்டுவதை நிறுத்தவில்லை. கொட்டியதற்கு ஒரு விலை முளைத்தது, நின்றது.

சோழமண்டலக் கரையில் இது நடந்த விதத்தை ஆரன் சாவியோ லோபோவும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் பதிவு செய்தார்கள். இழுவைமடி மீனவர்களையே கேட்டு, 1978 முதல் 2008 வரையான முப்பது ஆண்டுகளின் மாற்றத்தைத் தொகுத்தார்கள். இறால் போன்ற இலக்கு மீன்களின் பிடிப்பும் வருவாயும் சரிந்துவிட்டன, செலவு ஏறிவிட்டது, இலக்கு மீனில் கிடைக்கும் பணம் கடலுக்குப் போய்வரும் செலவுக்கே காணாது. அப்படியிருந்தும் படகுகள் ஓடுவதற்குக் காரணம், முன்பு கொட்டிய மீன் இப்போது கோழித்தீவனத்துக்கு விலைபோவது. அந்த வருவாய் இல்லையென்றால் இந்தத் தொழில் எப்போதோ கட்டுப்படியாகாமல் நின்றிருக்கும் என்பது அவர்கள் கண்டது.

நியாயமாகப் பார்த்தால் ஒரு கடலில் மீன் அருகும்போது படகுகள் தாமாகக் குறைய வேண்டும். டீசலுக்குக்கூடக் காசு தேறாத இடத்துக்கு யார் போவார்கள்? மீன் மீண்டு வர அந்த ஓய்வு உதவும். சங்காயத்தின் விலை அந்த ஓய்வைத் தட்டிப் பறித்துவிட்டது. பெரிய மீன் இல்லாத கடலிலும் குஞ்சை வாரிக்கொண்டு படகு லாபத்தோடு திரும்பலாம். மாநில அரசு தரும் விற்பனை வரி இல்லாத டீசலும் சேர்ந்துகொள்ள, காலியாகும் கடலில் படகு மட்டும் காலியாக வருவதில்லை. ஆக, வீசாமல் கொண்டுவருகிறோம் என்ற பழக்கம் வீணடிப்புக்கு மருந்து என்று சொல்கிறவர்கள், அதுவேதான் நோயை இத்தனை காலம் உயிரோடு வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

‘தீவனமாகிறதே, கோழியாகி முட்டையாகி மனிதனுக்குத்தானே வருகிறது?’ என்பது அடுத்த வாதம். ஒரு கிலோ மீன்தூள் செய்ய நாலிலிருந்து ஐந்து கிலோ பச்சை மீன் வேண்டும். நேராகத் தட்டுக்கு வந்திருக்கக்கூடிய மீனை இப்படிச் சுற்றி அனுப்பும்போது வழியிலேயே பெரும்பகுதி கரைந்துபோகிறது. கர்நாடகத்து மங்களூரின் தெற்கே உல்லாள், கோட்டேபுரா பகுதிகளில் மீன்தூள், மீன் எண்ணெய் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. மத்தி பெருகிய காலத்தில் மத்தியை நம்பி வளர்ந்த தொழில் அது. மத்தி ஏமாற்றும் ஆண்டிலும் கொதிகலன் பசிக்கும். அப்போது எது கிடைத்தாலும் உள்ளே போகும். கோழித்தீவனத்தில் சோயா ஓரளவு மீனின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதும் மெய். ஆனால் 2009இல் வன்னாமை இறால் வளர்ப்புக்கு அனுமதி கிடைத்ததும் மீன்தூளுக்கு இன்னொரு பெரிய வாய் திறந்தது. நம் கடலோரக் குட்டைகளில் கொழுத்து அமெரிக்காவுக்குக் கப்பலேறும் இறாலின் தீவனத்தில், நம் கடலில் வளர விடாத மீன் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல், காம்பியா, மொரித்தானியா நாடுகளில் இதே கதை இன்னும் கொச்சையாக நடக்கிறது: மீன்தூள் ஆலைகள் வாங்கத் தொடங்கியபின், அந்த ஊர்ப் பெண்கள் புகைபோட்டு விற்றுவந்த மீன் அவர்கள் கைக்கு எட்டாமல் போயிற்று. நம் கரையில் கருவாடு போடும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். மலிவு மீனுக்கு லாரிக்காரரோடு போட்டிபோட்டு வாங்குவது என்றால் என்ன என்று அவர்கள் சொல்வார்கள். ஏழைக்கு எட்டும் விலையில் இருந்த பொடிமீன் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு ‘எதுவும் வீணாகவில்லை’ என்பவர்களிடம் பதில் கிடையாது.

இனி ஐரோப்பாவைக் காட்டுகிறவர்களிடம் வருகிறேன். அங்கே நடந்தது அழகான கதைதான். பிரிட்டனில் தொலைக்காட்சி வழியாக ஒரு பெரும் பிரசாரம், செத்த மீனைக் கூடை கூடையாகக் கடலில் கொட்டும் காட்சி, லட்சக்கணக்கில் கையெழுத்துகள். 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் பொது மீன்வளக் கொள்கையைத் திருத்தி, பிடித்ததைக் கரைக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று விதித்தது. 2015 தொடங்கிப் படிப்படியாக வந்து, 2019 ஜனவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. நடுக்கடலில் யார் பார்க்கிறார்கள்? வீசுவது நிற்கவில்லை என்று ஐரோப்பிய ஆணையமே திரும்பத் திரும்ப ஒப்புக்கொள்ளும் நிலைமை.

அந்தச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம் ஊரில் அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. குறைந்தபட்ச அளவை எட்டாத குஞ்சுமீனைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் மனிதர் நேராக உண்பதற்கென்று விற்கக் கூடாது. மீன்தூளுக்கோ எண்ணெய்க்கோ வளர்ப்புப் பிராணித் தீனிக்கோதான் அனுப்பலாம். குஞ்சுக்கு நல்ல விலை கிடைத்துவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். வட ஐரோப்பியக் கப்பலுக்கு மீன்தூள் விலை அபராதம் மாதிரி. ஐஸ் அறையில் இடத்தை அடைத்துக்கொண்டு காசு தராத சரக்கு. நம் விசைப்படகுக்கு அதே மீன்தூள் விலைதான் மாத வருமானத்தின் ஒரு தூண். அங்கே தண்டனையாக வைத்தது இங்கே ஏற்கெனவே வெகுமதியாக நடக்கிறது. அந்தச் சட்டத்தை வரி பிசகாமல் கொண்டுவந்து கடலூரில் நட்டால், இன்றைக்கு நடப்பதற்கு அரசு முத்திரை குத்தியதாக ஆகும், அவ்வளவுதான்.

நார்வேயைப் பார்க்கச் சொல்கிறவர்கள் முழுதாகப் பார்க்கட்டும். 1987இல் காட், ஹடாக் மீன்களை வீசத் தடை போட்ட நாடு அது. அதோடு நிற்கவில்லை. குஞ்சு மிகுந்த பகுதி என்று தெரிந்தால் அந்தக் கடற்பகுதியையே உடனடியாக மூடினார்கள். இறால் மடிகளில் மீனை வெளியேற்றும் கம்பித்தடுப்பைக் கட்டாயமாக்கினார்கள். குஞ்சு மடிக்குள் வராமல் தடுப்பதே அங்கே மையம். வீசாதே என்பது அதன் வால். நாம் வாலை மட்டும் பிடித்துக்கொண்டு மாட்டை வாங்கிவிட்டதாகச் சொல்கிறோம்.

‘நம்மிடமும் கண்ணி அளவுச் சட்டம் இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983லேயே வந்துவிட்டது. இழுவைமடியின் கடைசிப் பையான வால்பையில் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. துறைமுகத்தில் காயும் மடியின் வாலைக் கையில் எடுத்து விரலை நுழைத்துப் பாருங்கள். சுண்டுவிரலே தயங்கும் மடிகள் ஏராளம். மேலே சட்டப்படியான மடி, உள்ளே ஒரு நெருக்கமான உள்மடி என்று வைத்துக்கொள்வதும் உண்டு. கண்ணியின் வடிவம் இன்னொரு சங்கதி. சாதாரண மடியின் கண்ணி சாய்சதுரம். மடியில் மீன் சேர்ந்து எடை கூடும்போது அந்தச் சாய்சதுரம் இழுபட்டு மூடிக்கொள்ளும்; அளக்கும்போது 40 இருந்தாலும் தண்ணீருக்குள் அது வெறும் கோடு. நேர்ச்சதுரக் கண்ணி அப்படி மூடாது, குஞ்சு வெளியே போக வழி இருக்கும். கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் சதுரக் கண்ணிப் பையையும், இறாலையும் குஞ்சையும் பிரிக்கும் சாதனத்தையும், ஆமை தப்பிக்கும் கருவியையும் வடிவமைத்துக் கொடுத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. தொழில்நுட்பம் வரட்டும் என்று காத்திருப்பதாகச் சொல்வது சாக்கு. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கினவே, அப்போது அந்தக் கருவி எந்தக் கிடங்கில் இருந்தது?

எதிர்வாதங்களில் கனமானதை இதுவரை தொடவில்லை. ‘குஞ்சு பிடிக்காதே, சங்காயம் விற்காதே என்றால் மீனவன் வயிற்றில் அடிக்கிறாய். கடலில் கால் நனைக்காதவன் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.’ நியாயமான கோபம். இழுவைப்படகில் போகும் தொழிலாளி பங்குக்குத்தான் போகிறார். டீசல், ஐஸ், உரிமையாளர் பங்கு எல்லாம் போய் மிஞ்சுவதில்தான் அவருக்கு வீடு. சங்காயப் பணம் இல்லையென்றால் பல படகுகள் கட்டுப்படியாகாது என்று நானே மேலே எழுதியிருக்கிறேன். அதை மறைத்துவிட்டு ஒழுங்குமுறை பேசுவது நேர்மையாகாது.

ஆனால் ‘மீனவன்’ என்று ஒருமையில் சொல்வதில்தான் வாதம் தன் வேலையைக் காட்டுகிறது. எந்த மீனவன்? தேவனாம்பட்டினத்திலும் சோதிக்குப்பத்திலும் மீன்கூட்டத்தைச் சுற்றி வளைத்து அள்ளும் சுருக்குமடியை வைத்து மூண்ட மோதல்கள் நமக்குத் தெரியும். அங்கே இரு பக்கமும் மீனவர்கள்தான். பைபர் படகில் செவுள்வலை போட்டுப் பிழைப்பவருக்குப் பெரிய மீன் வேண்டும். அந்தப் பெரிய மீனின் குஞ்சை நேற்றே விசைப்படகு வாரிக்கொண்டு போய்விட்டது. அவர் வயிறு கணக்கில் வராதா? பாக் நீரிணையைக் கடந்து பார்த்தால் இன்னும் தெளிவாகும். யாழ்ப்பாணம், மன்னார்த் தமிழ் மீனவர்கள் நம் இழுவைப்படகுகளைப் பற்றி இத்தனை ஆண்டுகளாக என்ன சொல்லி வருகிறார்கள்? தரையைச் சுரண்டி, குஞ்சோடு அள்ளி, வலையையும் அறுத்துக்கொண்டு போகிறீர்கள் என்பதுதான். இலங்கை நாடாளுமன்றம் 2017இல் கடலடி இழுவைமடிக்குத் தடை விதித்தது. அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர் தமிழ் உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரன். தமிழ் மீனவன் வயிறு என்று பேசத் தொடங்கினால் அந்த வயிற்றையும் எண்ணித்தான் ஆக வேண்டும்.

விசைப்படகுத் தொழிலாளிக்கு மாற்று என்ன என்ற கேள்வி நிற்கிறது. பாக் நீரிணை இழுவைப்படகுகளை ஒப்படைத்துவிட்டு ஆழ்கடல் சூரைப் படகுக்கு மாறும் திட்டம் 2017இல் தொடங்கியது. 2,000 படகுகள் என்று இலக்கு, 1,600 கோடி ரூபாய் என்று மதிப்பு. சேர்ந்தவர்கள் சொற்பம். கடன் சுமையும் பழகாத தொழிலும் பயமுறுத்தின. அந்தத் தோல்வியைக் காட்டி, மீனவர் மாற மாட்டார் என்கிறார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. இழுவைமடியில் சங்காயக் காசு வந்துகொண்டே இருக்கும்வரை, லட்சக்கணக்கில் கடன் வாங்கி ஆழ்கடலுக்குப் போக யாருக்கு என்ன பைத்தியமா? ஒரு கையால் பழைய தொழிலைத் தாங்கிக்கொண்டு மறு கையால் புதிய தொழிலுக்கு அழைத்தால் வர நினைப்பவரும் வரமாட்டார். படகைக் குறைக்கப் பணம் கொடுப்பதாக இருந்தால் முழுதாக விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். தொழிலாளிக்குத் தனியாகக் கொடுங்கள், உரிமையாளர் வழியாகக் கொடுக்காதீர்கள். இந்தோனேசியா 1980இலும் ஹாங்காங் 2012 இறுதியிலும் இழுவைமடியையே நிறுத்தின. நான் அவ்வளவு தூரம் போகவில்லை.

அடுத்தது: ‘ஒரு மடியில் ஐம்பது சாதி மீன் வரும். குஞ்சை மட்டும் எப்படித் தவிர்ப்பது? வெப்பக் கடலுக்கு அளவு விதியெல்லாம் சரிப்படாது.’ சரிப்பட்ட இடம் பக்கத்தில்தான் இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையை வைத்துக் கேரளம் 2015இல் 14 வகைகளுக்குக் குறைந்தபட்ச அளவு அறிவித்தது. பிறகு அதை 58 வகைகளுக்கு விரித்தது. மத்திக்கு 10 சென்டிமீட்டர், அயலைக்கு 14, கிளிமீனுக்கு 12. நாம் சங்கரா என்பதைத்தான் அவர்கள் கிளிமீன் என்கிறார்கள். அதே வெப்பக் கடல், அதே கலவையான மடி. அளவு குறைந்த மீனோடு வந்த படகுகளைப் பிடித்து அபராதம் போட்டார்கள்; கூச்சல் எழுந்தது; படகுகள் இன்றும் ஓடுகின்றன. அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். குஞ்சு இன்னும் கரையேறுகிறது. ஆனால் விதி ஏலக்கூடத்தில் வந்து நிற்கிறது, விற்கிறவரும் வாங்குகிறவரும் அதைப் பற்றிப் பேசியாக வேண்டியிருக்கிறது. கடலூர் ஏலத்தில் அளவுகோலோடு நின்ற ஒருவரை நான் பார்த்ததில்லை.

அளவு விதி வந்தால் மீனவர்கள் குஞ்சைக் கடலிலேயே கொட்டிவிடுவார்கள், வீணடிப்பு கூடத்தானே செய்யும் என்று சாமர்த்தியமாக மடக்குவார்கள். ஆமாம், கொஞ்ச காலத்துக்குக் கூடும். கூடட்டும். இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. கொட்டுகிற குஞ்சுக்கு டீசல் செலவாகிறது, தளத்தில் குந்தி உட்கார்ந்து பிரிக்க ஆள் வேண்டியிருக்கிறது, வருமானம் சுழி. அந்த நட்டம் படகுக்காரர் மேல் விழும் நாளில்தான் அகலக் கண்ணி அவருக்கே லாபமாகத் தெரியும். குஞ்சை விற்க முடிகிறவரை நெருக்கக் கண்ணிதான் லாபம். எந்தப் பிரசாரமும் அந்தக் கணக்கை மாற்றாது. விற்பனைத் தடை மட்டும் தனியாக வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் பாடம் உண்டு. கடல்குதிரையை 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். மடியை மாற்றவில்லை. கடல்குதிரை இன்றும் மடியில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. பயந்தவர் செத்ததைத் திரும்பக் கடலில் போடுகிறார், பயப்படாதவர் மறைத்து விற்கிறார். ஆகவே மடியின் கண்ணியில் கட்டுப்பாடும் மீன் விற்கும் வாசலில் கட்டுப்பாடும் சேர்ந்தே வர வேண்டும்.

61 நாள் தடைக்காலம் இருக்கிறதே என்ற கடைசிச் சமாதானத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் ஓய்கின்றன. முன்பு 45 நாளாக இருந்தது 2017இல் கூடியது. நல்லது. முட்டையிடட்டும் என்று இரண்டு மாதம் காத்திருக்கிறோம். பொரித்த குஞ்சு விரலளவு வளர்ந்து நிற்கும்போது சுண்டுவிரல் நுழையாத மடியோடு அத்தனை படகும் ஒரே நாளில் புறப்படுகின்றன. தடைக்காலம் முடிந்த முதல் வாரங்களில் மீன் மலிவு என்று நாம் சந்தோஷமாக வாங்குகிறோம். அதே வாரங்களில் எத்தனை லாரி சங்காயம் போயிற்று என்று யாரும் எழுதிவைப்பதில்லை.

கட்டுப்பாடு எங்கே வைக்க வேண்டும் என்பதில்தான் இத்தனை ஆண்டுகளும் தவறு நடந்திருக்கிறது. மாநிலச் சட்டத்தின் கை 12 கடல்மைல் வரைதான் நீளும். அதற்கு அப்பால் போய், இங்கே பிடித்தேன் அங்கே பிடித்தேன் என்று வழக்காடலாம். சுருக்குமடி வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு, 12 மைலுக்கு வெளியே வாரத்தில் இரண்டு நாள், பகல் பொழுதில் மட்டும் என்று அனுமதித்தது. நடுக்கடலில் அதைக் கண்காணிப்பது யார் என்பது இன்னொரு வழக்குக்கான விஷயம். விரல்விட்டு எண்ணக்கூடிய ரோந்துப் படகுகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மடியையும் துரத்தவும் முடியாது. மீன் எங்கே பட்டிருந்தாலும் ஒரு துறைமுகம் வழியாகத்தான் கரையேற வேண்டும், ஓர் எடைமேடை மீதுதான் லாரி ஏற வேண்டும், ஓர் ஆலை வாசலில்தான் இறங்க வேண்டும். படகுகள் ஆயிரக்கணக்கில், மீன்தூள் ஆலைகளை எண்ணிவிடலாம். ஆலை வாங்கும் ஒவ்வொரு லோடிலும் ஒரு கூடையை எடுத்துப் பிரித்து, அளவு எட்டாத உணவு மீன் இவ்வளவு விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ஆலைக்கு அபராதம் என்று வைத்தால், லாரிக்காரர் துறைமுகத்திலேயே முகம் சுளிப்பார். அவர் சுளிப்பு மடிவரை போகும். காரலும் பேத்தையும் தாராளமாகப் போகட்டும், அதற்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை. தலைகளையும் குடல்களையும் ஆலைக்குத் தருகிற மீன் பதப்படுத்தும் கூடங்கள் இருக்கின்றன. அந்தத் தலையும் குடலும் மீன்தூளுக்குப் போகட்டும்.

அளவு விதிகளை எழுத மாதக்கணக்கில் ஆகும் என்றால், கண்ணிக்கு எதுவும் எழுத வேண்டியதில்லை. 40 என்பது எப்போதோ எழுதியாயிற்று. தடைக்காலத்தில் மீன்வளத்துறை ஆண்டுதோறும் விசைப்படகுகளை ஆய்வு செய்கிறது. பதிவு, நீளம், இயந்திரத் திறன் எல்லாம் பார்க்கிறார்கள். அந்த நாட்களில் மடிகள் எல்லாம் துறைமுகத் தரையில்தான் விரிந்து கிடக்கின்றன, கிழிசல் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்ட அளவுக்குக் குறைந்த வால்பையை அங்கேயே அறுத்து எடுத்துக்கொண்டு, சதுரக் கண்ணிப் பை ஒன்றை அரசு செலவிலேயே கொடுத்துக் கட்டச் சொல்லலாம். படகு உரிமையாளர் கைக்காசு போடவேண்டியதில்லை. உள்மடி வைத்திருந்தால் அந்த ஆண்டு வரியில்லா டீசல் கிடையாது என்று சொல்லிவிடலாம். வலை விற்கும் கடைகளில் நெருக்கக் கண்ணி வால்பை என்ன கணக்கில் விற்கிறது என்று அன்றைக்கே போய்க் கேட்கவும் செய்யலாம். கடைகள் துறைமுகத்தை ஒட்டித்தான் இருக்கின்றன.